ஒரே ஒரு கோடு

விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, எழுதியது யார் என்று காட்டிக்கொடுக்கும் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, இருந்தால் அந்தத் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்று ஹாலைக் கண்காணிக்கும் அம்மாள் ஒருமுறை இங்கிலீஷிலும் ஒருமுறை தமிழிலும் சொன்னார். பொன்மலர் இரண்டுக்கும் தலையாட்டினாள். ஆட்டுவதற்கு என்ன, பதினைந்து வருஷமாக டாக்டர்களின் ரவுண்ட்ஸுக்குப் பின்னால் நடந்து ஆடிப் பழகிய தலை. தலைதான் ஆடியது, காதுக்குள் போனது ஏசியின் உறுமல் மட்டும். சென்னையில் ஏன் இப்படிக் குளிர வைக்கிறார்கள், எழுத வந்தவர்களைக் கெட்டுப்போகாமல் பாதுகாக்கவா. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தாள், விவரமானவள், இங்கிலாந்துக்கு இங்கேயே ஒத்திகை பார்க்கிறாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் நர்ஸுகள், அத்தனை பேரும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நிரூபிக்க வந்தவர்கள். பொன்மலருக்கு இது மூன்றாவது தடவை. கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாம் போன முறையே தேறியாயிற்று, இரண்டு முறையும் காலை வாரியது எழுத்துதான். வேலை தருவதாகச் சொன்ன இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த ஒரு முறை மட்டும் காத்திருப்போம், இதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் இருந்த வேலையையும் எழுதிக் கொடுத்தாயிற்று, மாசக் கடைசியோடு அது முடிகிறது. இதில் கோட்டை விட்டால் அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு கணவன் அருள் உட்கார்ந்திருப்பான். "ஏ மலரு, என்னத்துக்குப் பதறுத, வார்டுல எழுதாததையா இங்க எழுதப் போற?" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னான். வார்டில் எழுதாததைத்தான் இங்கே எழுத வேண்டும், அதுதானே சிக்கல், அது அவனுக்கு எப்படிப் புரியும், அவன் வயர் இழுக்கிற ஆள், இழுத்து முடித்ததும் பல்பு எரியும் அல்லது எரியாது.

நோயாளியின் விவரத் தாளைத் திருப்பினாள். பெயர் வால்டர், வயது எழுபத்தெட்டு, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போகிறார். வீட்டில் வந்து பார்க்கப்போகும் நர்ஸுக்கு அவரைப் பற்றி ஒரு கடிதம். மனைவி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். தனியாக இருக்கிறார். பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பது பொழுதுபோக்கு. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறார், எடை குறைந்திருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறார். இரண்டு முறை மணியை அடிக்காமல், வாக்கரையும் தொடாமல் தானே எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறார். எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். ரேடியோ வேண்டாம். மனைவி வேண்டுமா. ஆல்வின் சார் இருந்தால் மனைவியை ஒரு செமிகோலனோடு உள்ளே கொண்டுவருவார். பேக்கரிக்கு மேல் மாடியில் கோச்சிங் நடத்தும் ஆல்வின் சாருக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் செமிகோலன். மேலே ஒரு புள்ளி கீழே ஒரு கமா, "அத ஒரு தடவ சரியாப் போட்டுட்டம்னா திருத்துறவன் சேரை விட்டு எந்திச்சி நிப்பான் பாத்துக்கிடுங்க" என்பார், கீழே இருந்து வரும் பன் வாசனையில் அவர் சொல்வது எல்லாமே நியாயமாகப் பட்டுவிடும். வார்டில் அவள் செமிகோலன் போட்டதே இல்லை. போட நேரம் ஏது. வார்டு இங்கிலீஷில் புள்ளிகூடக் கிடையாது, சாய்கோடுதான், சுருக்க எழுத்துகள்தான், எல்லாமே பாதி வார்த்தை. பேஷன்ட் என்று முழுசாக எழுதினால் அடுத்த பெட் காத்திருக்கும். ஆனால் அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு, அதை ஆல்வின் சார் ஏற்றுக்கொள்ள மாட்டார். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். விழுந்தார் என்று எழுதக் கூடாது, விழும்போது நீ பார்த்தாயா, தரையில் கிடக்கக் கண்டேன் என்று எழுது. வலியில் துடித்தார் என்று எழுதக் கூடாது, வலிக்கிறது என்று சொன்னார் என்று எழுது. ஆல்வின் சாரோ "அன்ஃபார்ச்சுனேட்லி" போடு, கமா போடு, "இட் இஸ் நோட்வொர்த்தி" போடு என்கிறார். துரதிர்ஷ்டவசமாக என்று எழுத நர்ஸ் யார், ஜோசியக்காரியா. ஆனாலும் மூன்றாவது தடவை, ஆஸ்பத்திரிக்காரன் கதவைச் சாத்தக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான், இப்போது போய்ச் சாரோடு மல்லுக்கு நிற்க முடியாது. அவர்களே கொடுத்த நீல மைப் பேனாவை எடுத்து "டியர் சிஸ்டர்" எழுதினாள், கமா போட்டாள், "ஐ ஆம் ரைட்டிங் திஸ் லெட்டர் வித் டியூ ரிகார்ட் டு" என்று ஆரம்பித்தாள். டியூ ரிகார்ட் என்றால் உண்மையில் என்ன என்று ஒரு நொடி தோன்றியது, யாருக்கு எவ்வளவு மரியாதை பாக்கி இருக்கிறது, அப்படித் தோன்றினால் கை நின்றுவிடும், தோன்றக் கூடாது, எழுது. ஒரு நீள வாக்கியம், அதில் மூன்று கமா, நடுவில் ஒரு செமிகோலன். அதைப் போட்டுவிட்டுப் பார்த்தபோது மூக்குத்தி போட்ட ஆண்பிள்ளை மாதிரி இருந்தது. பரவாயில்லை, சேரை விட்டு எழுந்து நிற்கட்டும்.

அப்புறம் வால்டர் தற்போது எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. கை தானாக எழுதியது: "ஹீ இஸ் கம்ஃபர்டபிள்". எழுதிய பிறகு அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்ஃபர்டபிள். வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுதியிருப்பாள் இதை, நோயாளி சுகமாக இருக்கிறார், யார் சொன்னது, அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் சுகம். கூப்பிடாதவர் எல்லாம் சுகம். பாளையங்கோட்டை வார்டில் பூலோகம் தாத்தாவும் அன்றைக்கு அப்படித்தான் சுகமாக இருந்தார். காலை ஷிப்ட் பெண் கம்ஃபர்டபிள் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள், பொன்மலர் மத்தியான ஷிப்டுக்கு வந்தபோது பார்வையாளர் நேரம், பழமும் ஹார்லிக்ஸுமாக வார்டு முழுக்க ஜனம், அந்தச் சந்தடியில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வேட்டி விலகத் தரையில் கிடந்தார் பூலோகம். மணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. "ஏன் தாத்தா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?" என்றதற்கு, "நீங்க வேலையா இருந்தீயளே தாயி" என்றார். தரையில் கிடக்கக் கண்டேன், மூன்று மணி என்று எழுதினாள், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன் என்று அந்த நேரத்தையும் எழுதினாள், டாக்டர் வந்தார் என்று அந்த நேரத்தையும் எழுதினாள், அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு முழு மத்தியானம் கிடந்தது. பூலோகம் பிழைத்துக்கொண்டார், நடக்கத்தான் இல்லை. மகன் ஆள் கூட்டிக்கொண்டு வந்து சத்தம் போட்டதும் சூப்பரிண்டெண்ட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், அவர் உட்காரச் சொன்னதே அதுதான் முதல் தடவை. "சின்ன விஷயம் சிஸ்டர். அந்த டைமை நல்லா கறுப்பாக்கிட்டு மேல அஞ்சு மணின்னு எழுதிருங்க, டாக்டர் உடனே வந்த மாதிரி ஆயிரும்" என்றார். எப்படித்தான் வாய் வந்தது என்று பொன்மலருக்கே இன்றுவரை தெரியாது. "அடிச்சா ஒத்தைக் கோடுதான் சார் அடிப்பேன். அடியில உள்ளது நல்லாத் தெரியும். பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கும். பரவாயில்லையா சார்?" அவர் சிரித்தார், போகச் சொன்னார், மறுவாரம் அவளைத் துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள், படுக்கை விரிப்பு எண்ணுகிற இடத்துக்கு. எண்ணிக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தெரிந்த அன்றுதான் வேலையை விட்டு எழுதிக் கொடுத்தாள். இல்லை, வால்டர் கம்ஃபர்டபிள் இல்லை. சாப்பிடாத மனுஷன், கூப்பிடாத மனுஷன், அவரைச் சுகம் என்று எழுதி அனுப்பினால் அங்கே வருகிற நர்ஸ் கதவிலேயே கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த வார்த்தையை அடித்தாள். மனம் லேசானது. மேலே எழுதினாள், எடை, சாப்பாடு, மருந்து, கமா, கமா, "ஹௌவெவர்", கமா, இன்னும் இரண்டு செமிகோலன், கை வேகம் பிடித்தது, ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திரும்பினாள்.

திரும்பும்போதுதான் பார்த்தாள். அடித்த கம்ஃபர்டபிளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே, பொடியாக, ஆனால் தெளிவாக, அவளுடைய கையெழுத்து. "பொன்" என்று ஆரம்பித்து ஒரு சுழி, அதன் அடியில் நேரம். யார் போட்டது என்று கூட ஒரு நொடி தோன்றியது. அடித்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, அடியில் நேரம், வார்டில் அதுதான் விதி, பதினைந்து வருஷம், ஆயிரம் தாள், கை அவளைக் கேட்கவே இல்லை. பெயர் கூடாது, கையெழுத்துக் கூடாது, எந்த அடையாளமும் கூடாது, இருந்தால் திருத்தவே மாட்டார்கள், அந்த அம்மாள் இரண்டு பாஷையில் சொன்னாரே, நீயும் தலையாட்டினாயே, தலை மட்டும் ஆடிய பாவி. உள்ளங்கை வேர்த்தது, இந்தக் குளிரிலும் வேர்த்தது. சரி, பதறாதே, வார்டில் பதறுவாயா, முதலில் மூச்சு, அப்புறம் நாடி. கறுப்பாக்கிவிடலாம். இவ்வளவுதானே, பேனா நுனியை வைத்துக் கொஞ்சம் தேய்த்தால் சுழியும் தெரியாது நேரமும் தெரியாது, திருத்துகிறவன் மை கொட்டிவிட்டது என்று நினைப்பான், அல்லது ஒன்றும் நினைக்க மாட்டான். பேனாவைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தாள். கை அசையவில்லை. அசை என்று சொன்னாள், மனசுக்குள் கெஞ்சினாள், உன் பெயரைத்தானே அழிக்கச் சொல்கிறேன், பூலோகத்தின் நேரத்தையா அழிக்கச் சொல்கிறேன், இது வேறு அது வேறு, இங்கே யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எல்லாம் சரிதான், ஆனால் சூப்பரிண்டெண்ட் அறையின் வாசனை வந்தது, ரூம் ஸ்பிரேயும் டெட்டாலும், சின்ன விஷயம் சிஸ்டர், நல்லா கறுப்பாக்கிட்டு. சனியன் பிடித்த கை. இதற்காகவா வேலையை விட்டேன், கடைசியில் நானே கறுப்பாக்கவா. மகள் ஷைனிக்குக் குளிர்க் கோட்டு வாங்குவது பற்றிக் கூடப் பேசியாயிற்று, அவள் கிளாஸில் சொல்லிவிட்டாள், எங்க அம்மா போயிட்டு என்னையும் கூப்பிட்டுக்குவாங்க என்று. சரி, கறுப்பாக்கினாலும் அதுவும் ஒரு அடையாளம்தானே, கறுப்புத் திட்டு, எதை மறைத்தாய் என்று கேட்க மாட்டார்களா. அப்படியே விட்டுவிட்டால்? யாராவது பார்ப்பார்களா? பார்ப்பார்கள். பார்க்காமல் விட்டுவிட்டால்? முடிவு வரும்வரை ஒவ்வொரு நாளும் இந்தச் சுழியை நினைத்தே செத்துப்போவாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் போய்விட்டது. பொன்மலர் கையைத் தூக்கினாள்.

கண்காணிப்பாளர் அம்மாள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வந்தார். "என்னம்மா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "மேடம், இதுல தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன். வேற தாள் கிடைக்குமா?" அம்மாள் குனிந்து பார்த்தார், பார்த்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வேற தாள் தரலாம். ஆனா இதை என்கிட்ட குடுத்தாதான் அது. ரெண்டும் டேபிள்ல இருக்கக் கூடாது. காப்பி பண்ண முடியாதும்மா, முதல்லேருந்துதான் எழுதணும். யோசிச்சுக்கோங்க." யோசிக்க எங்கே நேரம். ஒரு முழுப் பக்கம், மூன்று செமிகோலன், ஆல்வின் சாரின் ஆறு மாதக் கோச்சிங், எல்லாவற்றையும் எடுத்து நீட்டினாள், ஆபரேஷனுக்குக் குழந்தையைக் கொடுக்கிற தாய் மாதிரி விரல் விட மறுத்தது. வெள்ளைத் தாள் வந்தது. பதினைந்து நிமிஷம் இருக்கிறது. பதினைந்து நிமிஷத்தில் டியூ ரிகார்டுக்கெல்லாம் இடமில்லை, நோட்வொர்த்தியை எந்த இடத்தில் போட்டோம் என்று கூட ஞாபகம் வரவில்லை, அந்த வாக்கியங்கள் எல்லாம் ஊருக்குப் போன விருந்தாளிகள் மாதிரி சுவடே இல்லாமல் போயிருந்தன. என்ன எழுதுவது, என்ன எழுதுவது, தாள் வெள்ளையாக அவளைப் பார்த்தது, முன்னால் ஸ்வெட்டர்க்காரி அமைதியாக மறுபக்கத்தைத் திருப்பினாள். கண்ணை ஒரு நொடி மூடினாள். மூடியதும் வந்தது வார்டு வாசல்தான், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓட வேண்டும், எதிரில் அடுத்த ஷிப்ட் பெண் குடையை மடக்கிக்கொண்டு வருகிறாள், அவளுக்கு வால்டரை ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, வார்டில் இருந்தவரை அதை அவள் தினம் செய்தாள், அதற்கு ஒரு நாளும் வார்த்தை தேடியது இல்லை. "டியர் சிஸ்டர்". கமா. இவர் வால்டர், வயது எழுபத்தெட்டு, இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இன்று வீட்டுக்கு வருகிறார். முற்றுப்புள்ளி. காயம் சுத்தமாக இருக்கிறது. முற்றுப்புள்ளி. என்ன சுகமான சாமான் இந்த முற்றுப்புள்ளி, போட்டதும் ஒரு விஷயம் முடிந்து அடுத்ததற்குக் கை காலியாகிறது, இதை விட்டுவிட்டு இத்தனை நாள் அந்தக் கொண்டை வைத்த கமாவோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். மருந்துகள், அளவு, எப்போது. பாதி வார்த்தை கூடாது, முழுசாக எழுது, பேஷன்ட், முழுசாக. சாப்பாட்டைப் பாதியில் விடுகிறார், எடை குறைந்திருக்கிறது, தயவுசெய்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மனைவி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார். மனைவி உள்ளே வந்துவிட்டார், செமிகோலன் இல்லாமலே வந்துவிட்டார்.

கடைசிப் பத்தி பாக்கி. அவர் கூப்பிட மாட்டார் என்று எழுத வேண்டும், அதுதான் முக்கியம், அது தெரியாமல் அந்தப் பெண் உள்ளே போகக் கூடாது. எழுதப் போனவள் நிறுத்தினாள். கூப்பிட மாட்டார் என்று நீ எப்படிச் சொல்வாய், நாளைக்கு அவர் என்ன செய்வார் என்று பார்த்தாயா. பார்த்ததை எழுது. நிமிஷம் ஓடுகிறது, இந்த நேரத்தில் இந்த நியாயம் பேச வேண்டுமா, வேண்டும், வேறு எது தெரியும் அவளுக்கு. எழுதினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மணியை அடிக்காமல் தானே எழுந்து நடந்தார். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறார். தயவுசெய்து அவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே போய்க் கேளுங்கள். கண்ணில் நீர் கோத்து எழுத்து கலங்கியது, வால்டருக்காகவா பூலோகத்துக்காகவா, இந்த உலகத்தில் வால்டர் என்று ஒருத்தர் இல்லவே இல்லை, பரீட்சைக்காக யாரோ கற்பனையில் எழுதிய கிழவர், அவருக்காக இப்படி அழுதால் பைத்தியம் என்பார்கள். "யுவர்ஸ் சின்சியர்லி". கமா. அடுத்த வரியில் நர்ஸ். அதோடு நிற்க வேண்டும், பெயர் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. பேனா அந்த வார்த்தைக்கு அடியில் போய்த் தயாராக நின்றது. அவள் பேனாவை மூடி மேஜையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு, வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது.

தாள்களை வாங்கிக்கொண்டே வந்த கண்காணிப்பாளர் அம்மாள் அவளுடையதை வாங்கினார், புரட்டிப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், அடுக்கில் வைத்தார். தேறுமா தேறாதா என்று அந்த முகத்தில் தேடினாள், அந்த முகம் அதற்கான முகம் இல்லை. எழுந்து போகலாம் என்று பொன்மலர் நாற்காலியைத் தள்ளியபோது, "ஒரு நிமிஷம்மா" என்று அவர் திரும்பி வந்தார். கையில் பழைய தாள். "இது கேன்சல். குறுக்க ஒரு கோடு போட்டு, கீழ உங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க. ரெக்கார்டுக்கு வேணும்." பொன்மலருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள், அடக்கியதில் மூக்கு எரிந்தது. மூன்று செமிகோலனும் அப்படியே இருந்தன, டியூ ரிகார்டும் இருந்தது, நடுவில் அடித்த கம்ஃபர்டபிளும் அதன் தலைமாட்டில் அவளுடைய சுழியும். எல்லாம் படிக்கும்படி இருக்க வேண்டும், எதுவும் மறையக் கூடாது. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு, மெலிதாக ஒரே ஒரு கோடு போட்டாள். கையெழுத்துப் போட்டாள், இந்த முறை முழுசாக. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து அடியில் எழுதத் தொடங்கினாள்.

"டைமெல்லாம் வேண்டாம்மா" என்றார் அந்த அம்மாள்.

"இருக்கட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு, பொன்மலர் நேரத்தை எழுதி முடித்தாள்.